கூடாரத்துக்கு ஒரு ஸ்பீக்கர்

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் பதினாறு வருடம் டிரைவராக இருந்தான். எனக்கு மச்சான், அவனுக்கு நான் மாமா. நான் அண்ணாகிராமம் ஒன்றிய அலுவலகத்தில் கோப்புகளோடு இருப்பவன். மஞ்சக்குப்பத்தில் வீடு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு முறை எங்காவது மலைக்குப் போய், டென்ட் அடித்து, இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவோம். மூன்றாவது ஆளாக அவனுடைய கண்டக்டரும் வருவார். அவர் எங்கள் இருவரையும் விட வயதில் சின்னவர், சமையலில் கைப்பக்குவம் உள்ளவர்.

மச்சான் ஓட்டிய பேருந்துக்குப் பாட்டால் ஒரு பெயர் உண்டு. காலை வண்டிக்கு என்ன பாட்டு, மதியத்துக்கு என்ன பாட்டு, மழை பெய்தால் என்ன பாட்டு என்று அவனிடம் கணக்கு இருந்தது. அந்தப் பாட்டுக்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அவன் வண்டிக்காக நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளை ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் நானே பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் ஆறு ஸ்பீக்கர். அதில் ஒன்று டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே, அவன் தலைக்கு ஒரு முழ உயரத்தில் இருந்தது. அதை அவனே பிடிவாதமாக வைக்கச் சொன்னான்.

போன வருடம் கல்வராயன் மலையில் தெரிந்தவர் ஒருவருடைய நிலத்தில் டென்ட் அடித்திருந்தோம். அங்கே கரண்டும் கிடையாது, கடையும் கிடையாது. இரண்டாம் நாள் காலையிலேயே மூன்று பேர் போனும் உயிரை விட்டுவிட்டன. அன்றைக்குப் பார்த்து வீட்டில் என் மனைவிக்குக் காய்ச்சல். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவள் திட்டவில்லை. இனிமேல் போவதாக இருந்தால் போன் செத்துப்போகாத ஏற்பாட்டோடு போங்கள் என்று மட்டும் சொன்னாள். அப்படித்தான் வெயிலில் சார்ஜ் ஏறும் சோலார் சார்ஜர் ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. மச்சானிடம் சொன்னதும், அதோடு ஒரு ஸ்பீக்கரும் வாங்கிவிடலாம் என்றான். "நல்லா சத்தமா கேக்குறதா பாருங்க மாமா. காட்டுல காத்து ஜாஸ்தி, சின்னது வாங்குனா கேக்காது."

பொருள்களைப் பற்றிப் படிப்பது எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் எதற்கும் முடிவெடுக்கும் இடத்தில் நான் இல்லை. அதனால் ஒரு மிக்சி வாங்குவதானாலும் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்வேன். இரண்டு மாதம் சோலார் சார்ஜர்களைப் பற்றி வீடியோ பார்த்தேன். முதுகில் கையகல சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் வெறும் கண்துடைப்பு என்று தெரிந்துகொண்டேன். அது முழுதாக ஏற நான்கைந்து நாள் வெயிலில் கிடக்க வேண்டும், வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி வெந்துபோகும். மடித்து விரிக்கிற மூன்று இதழ் தகடுதான் உருப்படி. பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸில் முக்கால்வாசி வந்தாலே பெரிய விஷயம். டார்ச், ரேடியோ, ஸ்பீக்கர், சோலார் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது எதையும் ஒழுங்காகச் செய்யாது. அலுவலக நண்பர் ஒருவரிடம் அப்படியொரு மடிப்புத் தகடு இருந்தது. அதை வாங்கி வந்து பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். ஒரு மேகம் கடந்தாலும் போன் சார்ஜ் ஆவதை நிறுத்திவிட்டது. பகலெல்லாம் பவர் பேங்கில் ஏற்றிக்கொண்டு, பிறகு அதிலிருந்து மற்றதற்கு ஏற்றுவதுதான் சரி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

இதையெல்லாம் போனில் மச்சானுக்குச் சொல்லும்போது அவன் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லத் தொடங்கியிருந்தான். தகடு எத்தனை வாட்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், ஆமாம் நல்ல வெயில் என்பான். டிரிப்புக்கு நடுவில் பேசுகிறான், பஸ் ஸ்டாண்டு இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டொரு முறை, கவனமில்லாமல் பேசுகிறானே என்று கோபமும் வந்தது.

சித்திரையில் அவனுக்கு விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை நான் சிதம்பரம் போனேன். மேல வீதியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. கடையில் இருந்த பெண் பொறுமையாக நான்கு ஸ்பீக்கர்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தாள். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஒரு சார்ஜில் பன்னிரண்டு மணி நேரம் பாடும். அவள் அதில் ஒரு பாட்டைப் போட்டாள். மச்சான் உதட்டைப் பிதுக்கினான். இன்னும் ஏற்றச் சொன்னான். ஏற்றினாள். அடுத்ததை எடுக்கச் சொன்னான். நான்காவது ஒரு சின்னக் குடம் அளவு இருந்தது. அதை அவள் ஏற்ற ஏற்ற, கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சிரத்தை. "இது ஃபுல்லாம்மா? இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றான்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, அண்ணா, இதுக்கு மேல இல்லைங்க என்றாள். அவன் திரும்பவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அவன் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு, அது மறுபடி பாடக் காத்திருந்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். அப்போது அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான், பிறகு திரும்பி அவளைப் பார்த்தான். தன் பின்னால் ஒரு பேச்சு நடந்து முடிந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. சட்டைப் பையில் இருந்த சில்லறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வரலாம் மாமா என்றான்.

வெளியே வந்து காபி குடித்தோம். கேட்க வேண்டிய கேள்வி என் வாயில் இருந்தது. உனக்குக் காது சரியாகக் கேட்கிறதா. நான்கே சொல். ஆனால் அவன் டிரைவர். அந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்குப் பின்னால் வரிசையாக என்னவெல்லாம் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பெரிய பெண் பத்தாவது போகிறாள். நான் தகட்டின் வாட்ஸைப் பற்றிப் பேசினேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். இத்தனை நாளும் அவன் என்னிடம் பேசும்போது முகத்தையே பார்ப்பதை மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

மறுவாரம் ஒரு நாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கண்டக்டர் வண்டியை விட்டு இறங்கியதும் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவரும் தவித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஒன்றரை வருடமாகவே இப்படித்தானாம். முதலில் விசில் சத்தம் விழாமல் போனது. ஒரு விசில் கொடுத்தால் நிறுத்த வேண்டும், இரண்டு கொடுத்தால் எடுக்க வேண்டும். இரண்டுமே அண்ணன் காதுக்கு எட்டவில்லை. அதனால் இருவருமாகச் சேர்ந்து பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சும், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பும் வைத்துக்கொண்டார்கள். விசிலோடு சேர்த்து சுவிட்சையும் கண்டக்டர் அழுத்துவார். முதலாளி கேட்டதற்கு, பாட்டுச் சத்தத்தில் விசில் கேட்பதில்லை, அதற்காக என்று சொல்லியிருந்தார்கள்.

"முன்ன விட நல்லாத்தான் ஓட்டுறாரு சார். கண்ணாடிய வுட்டுக் கண்ண எடுக்கறதே இல்ல" என்றார். "நான்தான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க. அவுங்க வூட்லயே இன்னும் தெரியாது."

நானும் அன்று அந்த வண்டியிலேயே ஏறினேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்ன மாமா ஆபீஸ் இல்லையா என்று கேட்டான். சிதம்பரத்தில் ஒரு வேலை என்றேன். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். முதுநகர் தாண்டி ஆலப்பாக்கம் வரை நான் அந்தச் சிவப்பு பல்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒரு முறை எரிந்தது, வண்டி நின்றது. இரண்டு முறை எரிந்தது, வண்டி கிளம்பியது. அவ்வளவு சுத்தமாக நடந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இப்படியே ஓடட்டுமே, யாருக்கு என்ன என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன்.

புதுச்சத்திரத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பல்பு இரண்டு முறை எரிந்தது. வண்டி நகரத் தொடங்கியதும், பின்சீட்டில் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் எழுந்து, ஐயையோ இங்கதான் எறங்கணும் என்றார். கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தார், சுவிட்சையும் அழுத்தினார். பல்பு எரியவில்லை. எங்கோ வயர் விட்டுப்போயிருக்கிறது. அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரியும். விசில் கேட்டது, வண்டி நிற்கும் என்று நம்பிப் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

எல்லோரும் கத்தினார்கள். நானும் எழுந்து நின்று மச்சான், மச்சான் என்று கத்தினேன். என்னிடமிருந்து அவன் தலை ஐந்தடி தூரத்தில் இருந்தது. மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிதானமாக இரண்டாவது கியருக்கு மாற்றினான். இரண்டு எட்டு வைத்துத் தோளைத் தொடலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவனே கண்ணாடியில் பார்த்தான், பிரேக்கை மிதித்தான்.

அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் சிராய்த்திருந்தது, உள்ளங்கையில் மண்ணும் ரத்தமும். எலும்புக்கு ஒன்றுமில்லை. பின்னால் வந்த லாரி தள்ளியே வந்ததால் பிழைத்தார். கூடையிலிருந்த முந்திரிப் பழம் ரோட்டில் உருண்டு கிடந்தது. கூட்டம் கூடி மச்சானைத் திட்டியது. விசில் குடுத்தது காதுல விழலையா, செவிடா நீ என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். ஒரே நேரத்தில் பத்து பேர் பேசியதால் அவனால் யாரையும் பின்தொடர முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அதைத் தவிர எதையும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்வதா, மச்சானையே உட்கார வைத்துப் பேசுவதா, அவன் மனைவியிடம் சொல்வதா என்று எண்ணி எண்ணி ஒன்றுக்கும் துணியவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், சிதம்பரத்து எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அந்த இரண்டு நாளும் அவன் அதே வண்டியை ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். வயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவனே வீட்டுக்கு வந்தான். தன் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, வண்டிய வுட்டுட்டேன். முதலாளிகிட்ட சாவியக் குடுத்துட்டு நேரா இங்கதான் வர்றேன்."

என் மனைவி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தாள். அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். காதைப் பற்றி, பல்பைப் பற்றி, அந்த அம்மாளைப் பற்றி. அவள் அழத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

"கடையிலயே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரியும். நீங்க கேப்பீங்க, நான் சொல்லிடலாம்னுதான் காபிக் கடையில அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். நீங்க வாட்ஸப் பத்திப் பேசுனீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் பிழைப்பு போய்விடுமே என்று பயந்தேன் என்று சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறேன். நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதே வார்த்தைகள் இரண்டாம் முறை வெறும் சாக்காகவே ஒலித்தன.

புதுச்சேரியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒலி புகாத ஒரு கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வெளியே பரிசோதனை செய்யும் பெண் ஒரு பெட்டியிலிருந்து ஒலியை அனுப்புவாள். அனுப்பும்போது அதில் ஒரு விளக்கு எரியும். நான் அவள் பின்னால் நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் விளக்கு எரிய எரிய அவன் விரல் அழுத்தியது. பிறகு விளக்கு மட்டும் எரிந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுதும் பையனைப் போலக் காத்திருந்தான். விளக்கு எரிந்தது. அவன் விரல் அசையவில்லை. அழுத்துடா என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அவன் சும்மா இரண்டு முறை அழுத்தினான். அப்போது விளக்கு எரியவில்லை. அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள்.

டாக்டர் தினமும் எத்தனை மணி நேரம் வண்டியில் இருப்பான், பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடும் என்று விசாரித்தார். கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் நரம்புகள்தான் முதலில் சாகும், விசிலும் பெண்கள் குரலும் அதில்தான் போயின என்றார். போனது திரும்பாது. காதுக் கருவி வைத்துக்கொண்டால் எதிரில் பேசுவது ஓரளவு புரியும். பாட்டைப் பற்றி மச்சான் கேட்டான். பாட்டு கேட்கும், ஆனால் பழைய மாதிரி இருக்காது என்றார் டாக்டர். எப்படி இருக்கும் என்று அவன் மறுபடி கேட்டான். அவர் கருவிகளின் விலைப் பட்டியலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது என்று பாட்டை விட்டுவிட்டான். முதலாளி நல்ல மனிதர். ஷெட்டில் வண்டிகளுக்குக் காற்று, தண்ணீர், ஆயில் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார். மடிப்புத் தகடும் பவர் பேங்கும் மட்டும் கடைசியில் வாங்கினேன். தை மாதம் மறுபடியும் கல்வராயன் மலைக்குப் போனோம். காதுக் கருவிகளும் அதில்தான் சார்ஜ் ஆயின. அவன் எங்களோடு அடுப்பு மூட்டினான், டென்ட் கயிறு கட்டினான், சிரித்தான். ஆனால் மலையில் காற்று கருவிக்குள் புகுந்து கொல்லுகிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிட்டான். மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது, நானும் கண்டக்டரும் எங்களை அறியாமல் இருவராகிவிடுவோம். ஞாபகம் வந்து அவன் பக்கம் திரும்பி, சொன்னதை மறுபடி சொல்வோம். இரண்டாம் முறை சொல்லும்போது எந்தக் கதையும் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. பரவாயில்லை மாமா, விடுங்க என்பான்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் வந்தான். கருவி வைத்துக்கொண்டு பேருந்து ஓட்ட அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றான். நீங்க ஆபீஸ்ல இருக்கறவரு, உங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியும் என்றான். அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக அந்த மாதிரிப் பதில்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவன் நான். இந்த முறை பேசாமல் இருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, கிடைக்காது மச்சான் என்று சொன்னேன். நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"தெரியும். எழுதுங்க" என்றான்.

பெறுநர், பொருள், ஐயா வணக்கம் என்று தொடங்கி எழுதினேன். பதினாறு வருடம், ஒரு வழக்கும் இல்லை, மருத்துவச் சான்று இணைப்பில் உள்ளது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தான். கையெழுத்துக்கு இடம் விட்டு முடித்தபோது, காகிதத்தில் விரலை வைத்தான்.

"கண்ணு நல்லாத் தெரியும்னு ஒரு வரி போடுங்க மாமா."

இடம் குறைவாக இருந்தது. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நெருக்கி எழுதினேன்.